இருவராக வரவும்

ஜன்னல் சீட்டுல நீங்களே உக்காருங்க சார். எனக்கு எதுக்கு ஜன்னல்? வேடிக்கை பாக்கவா போறேன்? காத்து மட்டும் கொஞ்சம் இந்தப் பக்கம் வந்தாப் போதும். கம்பைப் பத்திக் கவலைப்படாதீங்க, அது என் காலுக்கு நடுவுல அடங்கி நிக்கும்.

என்ன, போன் லைன் கிடைக்கலியா? இல்ல, 'ச்சை'ன்னீங்களே, அதான் கேட்டேன். ஒண்ணை அமுக்கு, ரெண்டை அமுக்குன்னு சொல்லிக்கிட்டே இருக்கா? சார், என்கிட்ட போனைப் பத்தி மட்டும் பேச்சை எடுக்கக் கூடாது. எடுத்துட்டீங்க. நீங்க எங்க எறங்கணும்? தேனியா? அப்பச் சரியா இருக்கும்.

என் பேரு ஞானசிகாமணி. மதுரையில ஒரு கூட்டுறவு பேங்க்கோட தலைமை ஆபீஸ்ல டெலிபோன் ஆபரேட்டர். பொறவியிலயே கண்ணு தெரியாது. ஆனா குரல் இருக்கு பாருங்க, அது வேற. நான் 'வணக்கம், லைன்ல இருங்க'ன்னு சொன்னா ஜனங்க நெசமாவே லைன்ல இருப்பாங்க. அதைக் கேக்கவே போன் பண்றவங்க உண்டு. மேனேஜருக்குப் பிடிக்காது, அது அவர் பிரச்சினை.

உங்க வீட்டுல பழைய பட்டன் போன் இருந்தா எடுத்துத் தடவிப் பாருங்க. அஞ்சாம் நம்பர் மேல ஒரு சின்னப் புள்ளி இருக்கும். எந்தக் கம்பெனி போனா இருந்தாலும் இருக்கும். யாரோ நாலு பேரு எங்கேயோ உக்காந்து, 'எல்லாரும் அஞ்சு மேலதான் புள்ளி வைக்கணும்'னு பேசி முடிச்சிருக்காங்க. ஆளாளுக்கு ஒரு நம்பர்ல வச்சிருந்தா என் பொழப்பு என்னாயிருக்கும்? அதுக்குப் பேருதான் பொதுத் தரநிலை. எல்லாருக்கும் ஒரே மாதிரி, எல்லாரும் ஒத்துக்கிட்ட மாதிரி. இதை நான் ஒரு கூட்டத்துல பேசினேன். கைதட்டினாங்க. அந்தக் கைதட்டுதான் வினை. கொஞ்ச நாள்ல மெட்ராஸ்லேர்ந்து கூப்பிட்டாங்க.

'எல்லாருக்குமான தொலைபேசி வாரியம்'னு ஒண்ணு. பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு பூத்து வைக்கப் போறாங்களாம். அவசரத்துக்கு யாரு வேணா உள்ள போய்ப் பேசலாம். கண்ணு தெரியாதவங்க, காது கேக்காதவங்க, வயசானவங்க, எல்லாரும். அதுக்குத் தரநிலை எழுத ஒரு குழு. கண்ணு தெரியாதவங்க சார்புல நான். காது கேக்காதவங்க சார்புல உத்தமபாளையம் நூர்நிஷா. அந்தம்மா அங்க டைப்பிங் சென்டர் வச்சிருக்காங்க. ஏழு வயசுல காய்ச்சல்ல காது போச்சாம், பேச்சும் அதோட நின்னுபோச்சாம். குழுவுக்குத் தலைவி அம்புஜவல்லி மேடம், வாரியத்து அதிகாரி. நல்லவங்க. எதைச் சொன்னாலும் 'சூப்பர்'ம்பாங்க.

முதல் கூட்டம் மெட்ராஸ்ல, ஏசி ரூம்ல. என்னைக் கூட்டிட்டுப் போய் உக்கார வச்சாங்க. மேடம் பேச ஆரம்பிச்சதும், என் மூஞ்சிக்கு நேரா காத்து வருது. விட்டு விட்டு வருது. ஏசி ரூம்ல எவன்டா விசிறி போடுறான்னு எனக்கு ஆச்சரியம். மரியாதைக்கு, 'போதும்ங்க, வேர்க்கல'ன்னேன். காத்து நிக்கல. மேடம் வேகமாப் பேசினா காத்தும் வேகமா வருது. மேடம் தண்ணி குடிச்சா காத்து நின்னுடுது. சரி, இது என்னமோ புதுசா வந்த ஏசி போலன்னு விட்டுட்டேன்.

டீ குடிக்கிறப்பத்தான் பக்கத்துல ஒருத்தர் மூச்சு வாங்குறது கேட்டுச்சு.

'சார், என் பேரு ரொசாரியோ. சைகை மொழிபெயர்ப்பாளர். உங்களுக்குத்தான் என்னைப் போட்டிருக்காங்க. என் சைகை புரியுதா சார்?'

'தம்பி, எனக்குக் கண்ணு தெரியாது.'

'தெரியும் சார். ஆனா ஆர்டர்ல உங்க பேருக்கு நேராத்தான் என் பேரு இருக்கு.'

ரெண்டு மணி நேரம் சார்! ரெண்டு மணி நேரம் அந்த மனுஷன் எனக்கு முன்னால கையை ஆட்டியிருக்கார். தோள்பட்டை வலிக்குதுன்னார். பாவமா இருந்துச்சு. 'நல்லாப் பண்ணினீங்க'ன்னு சொல்லி வச்சேன்.

அந்தப் பக்கம் என்ன நடந்திருக்கு தெரியுமா? எனக்காக அடிச்ச பிரெயில் தாளெல்லாம் நூர்நிஷா அம்மா முன்னாடி வச்சிருக்காங்க. அந்தம்மா புரட்டிப் புரட்டிப் பாத்துட்டு, ஏதோ குறிப்பெடுக்க வெள்ளைத் தாள் கொடுத்திருக்காங்கன்னு நெனைச்சு, அது மேலயே பேனாவால எழுதித் தள்ளியிருக்காங்க. மத்தியானம் அந்தக் கட்டு என் கைக்கு வந்துச்சு. தடவுறேன், புள்ளியெல்லாம் நசுங்கிக் கெடக்கு. 'அவசர காலங்களில்' வரைக்கும் வருது, அப்புறம் ஒரே கோடு. எனக்கு வந்துச்சே கோவம்! பகை அங்கதான் சார் ஆரம்பிச்சுது.

சாயங்காலம் மேடம் சொன்னாங்க, 'ஞானசிகாமணி சார், நூர்நிஷா மேடம், நீங்க ரெண்டு பேரும் அடிக்கடி போன்ல பேசி ஒரு முடிவுக்கு வாங்க. சூப்பரா இருக்கும்.'

யாரும் சிரிக்கல சார். ஒருத்தர் அதைக் குறிச்சுக்கிற சத்தம்கூடக் கேட்டுச்சு.

நான் ஊருக்கு வந்து கடமையை ஒழுங்காச் செஞ்சேன். வாட்ஸப்புல விவரமா வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். நல்லா நிறுத்தி, அழுத்தம் திருத்தமா, எங்க பேங்க் சேர்மன்கிட்ட பேசுற குரல்ல. ஒண்ணு ரெண்டில்ல, வாரம் பூரா அனுப்பினேன். ஒண்ணுக்காவது பதில் சொல்லணுமா இல்லியா? பதிலுக்கு என்ன வந்துச்சு தெரியுமா? போட்டோ. பேப்பர்ல கையால எழுதி அதைப் போட்டோ எடுத்து அனுப்புறாங்க. எழுத்தா வந்தா என் போன் வாசிச்சுக் காட்டும், போட்டோவை எப்படிப் படிக்கும்? 'படம்'னுது. அடுத்தது? 'படம்'. அதுக்கடுத்தது? 'படம்'. டைப்பிங் சென்டர் வச்சிருக்கிற பொம்பளை சார், எனக்கு மட்டும் கையால எழுதுறாங்க. அப்புறம் கேட்டா, 'பெரிய மனுஷர், கைப்பட எழுதினாத்தான் மரியாதை'ன்னாங்களாம்.

என்ன சிரிக்கிறீங்க? காது கேக்காதவங்களுக்கு எதுக்கு வாய்ஸ் மெசேஜ்னுதானே? எல்லாரும் இதையேதான் கேக்குறீங்க. அவுக வீட்டுல காது கேக்குறவங்க இருப்பாங்கல்ல? கேட்டுச் சொல்ல மாட்டாங்களா? என் பக்கத்து நியாயத்தையும் பாருங்க.

சரி. நாங்க பேசிக்காததால மேடமே ஒரு முடிவுக்கு வந்துட்டாங்க. பூத்தைச் செய்ய ரெண்டு கம்பெனி. ஒண்ணு ஸ்பீக்கர், மைக்கு, குரல் எல்லாம் செய்யுறது. நான் அதைச் சத்தக் கம்பெனிம்பேன். இன்னொண்ணு தொடுதிரை, எழுத்து, லைட்டு செய்யுறது. அது திரைக் கம்பெனி. இவய்ங்க மெஷின் பேசுறது அவய்ங்க மெஷினுக்குப் புரியாது, அவய்ங்க மெஷின் எழுதுறது இவய்ங்க மெஷினுக்குத் தெரியாது. ஒரே பாஷையில பேச வைங்க, அதுக்குத்தானே தரநிலைன்னு நான் கத்தினேன். மேடம் என்ன சொன்னாங்க? 'சார், ரெண்டு தரப்புக்கும் அநியாயம் நடக்கக் கூடாது. பூத்துல பாதி விஷயம் குரல்ல வரும், அது உங்களுக்கு. பாதி விஷயம் திரையில வரும், அது அவங்களுக்கு. அம்பது அம்பது. சூப்பர்ல?'

அதோட விட்டாங்களா? பாதுகாப்புக் குழுன்னு தனியா ஒண்ணு இருந்துச்சு. பூத்துக்குள்ள எவனாவது போய்ப் படுத்துத் தூங்கிட்டா? யாரையாவது மெரட்டி வெளிய இழுத்துட்டுப் போய்ட்டா? அதனால, உள்ள போறது சும்மா போகலாம், ஆனா ஆள் உள்ள இருக்கிறப்ப வெளியிலேர்ந்து யாரும் திறக்க முடியாது. வெளிய வரணும்னா ஓடிபி. ஆமா சார், பேங்க்ல வருமே, அதே ஓடிபி. உள்ள இருக்கிறவர் மனசார வெளிய வர்றாரான்னு உறுதிப்படுத்தணுமாம். அதுலயும் அம்பது அம்பது. ஓடிபி நம்பரை ஸ்பீக்கர் சொல்லும். அதைத் திரையில தட்டணும். திரையில நம்பர் வரிசையா இருக்காது, ஒவ்வொரு தடவையும் இடம் மாறும். அது இன்னும் கூடுதல் பாதுகாப்பு.

உங்களுக்கு இப்பவே புரிஞ்சிடுச்சுல்ல? அவங்களுக்குப் புரியல சார்.

சித்திரை வெயில்ல, எங்க ஊர் பஸ் ஸ்டாண்டுல முதல் பூத்து வந்துச்சு. சோதனை பண்ண நானும் நூர்நிஷா அம்மாவும். ரொசாரியோவும் வந்திருந்தார். நேரமாகும்னு நெனைச்சுப் பரோட்டா சாப்பிடப் போய்ட்டார். கம்பெனிக்காரய்ங்க டீக்கடையில. நாங்க ரெண்டு பேரும் உள்ள போனோம். கதவு மூடிச்சு. அவ்வளவுதான், வெளிய கெடந்த ஹாரன் சத்தம், வெள்ளரிப்பிஞ்சு விக்கிற சத்தம் எல்லாம் ஒரே நொடியில செத்துப்போச்சு. அப்படி ஒரு கண்ணாடி. சத்தம் உள்ளயும் வராது, வெளியயும் போகாது.

எனக்கு அந்த இடம் பிடிக்கல. வெளிய போகலாம்னு கதவைத் தள்ளினேன். மேல இருந்து ஒரு பொண்ணு குரல் வருது.

'நீங்கள் வெளியே செல்ல விரும்புவதை உறுதிசெய்ய, ஓடிபி எண் நான்கு, ஏழு, பூஜ்யம், ஒன்பது. இதைத் திரையில் பதிவிடவும்.'

நான் திரையைத் தடவுறேன். கண்ணாடி சார். வழுவழுன்னு. அஞ்சு மேல புள்ளியும் இல்ல, அஞ்சே இல்ல. அந்தம்மாவுக்குத் திரை தெரியுது. 'எண்ணை உள்ளிடவும்'னு எழுத்து வருது. எந்த எண்? அது அவுகளுக்குத் தெரியாது. நான் சொன்னேன், 'நாலு ஏழு பூஜ்யம் ஒம்போது.' அந்தம்மா அசையல. இன்னும் சத்தமாச் சொன்னேன். கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன். எனக்கு என்னமோ கொஞ்சம் கூடுதலாக் கத்தினா கேட்டுடும்னு ஒரு நெனைப்பு. அந்தம்மா வாயசைவு பாத்துப் புரிஞ்சுக்குவாங்கதான், ஆனா நான் எந்தப் பக்கம் பாத்துக் கத்தினேன்? ஸ்பீக்கரைப் பாத்து. அவுகளுக்கு என் முதுகுதான் தெரிஞ்சிருக்கு.

அந்தம்மா சும்மா இருந்தாங்களா? போன்ல என்னமோ எழுதி என் மூஞ்சிக்கு முன்னாடி நீட்டுறாங்க. எனக்கென்ன தெரியும்? மூக்கு நுனியில சூடா எதுவோ ஒட்டுது. தட்டி விட்டேன். திரும்ப ஒட்டுது. திரும்பத் தட்டி விட்டேன். வெளிய ஜனம் கூடிடுச்சாம். புருஷன் பொண்டாட்டி சண்டைன்னு நெனைச்சு ஒருத்தன் வீடியோ எடுத்திருக்கான்.

அவசரத்துக்கு ஒரு பட்டன் இருந்துச்சு. நல்லவேளை, அது மேடா இருந்துச்சு. அமுக்கினேன்.

'சொல்லுங்க சார், என்ன அவசரம்?'

'உள்ள மாட்டிக்கிட்டோம்மா.'

'எதுக்குள்ள சார்?'

'உங்க பூத்துக்குள்ளதான்.'

'சரிங்க சார். நீங்க இருக்கிற இடத்தை உறுதிப்படுத்த, திரையில பச்சைக் கட்டத்தைத் தொடுங்க.'

'எனக்குக் கண்ணு தெரியாதும்மா.'

'பக்கத்துல வேற யாராவது இருக்காங்களா?'

'இருக்காங்க.'

'அவங்களைப் பேசச் சொல்லுங்க.'

'அவுகளுக்குக் காது கேக்காது.'

அந்தப் பக்கம் அவ கீபோர்டுல எதையோ தட்டினா. அப்புறம், 'சார், இது அவசர லைன். விளையாடாதீங்க.' வச்சிட்டா.

அப்ப திரையில என்ன எழுதியிருந்துச்சுன்னு அந்தம்மா பின்னால எழுதிச் சொன்னாங்க. 'உதவியாளர் பேசிக்கொண்டிருக்கிறார். கவனமாகக் கேட்கவும்.'

வெயில் ஏறுது. உள்ள இருந்த பேன் நின்னுபோச்சு. எனக்குச் சர்க்கரை உண்டு சார், காலையில ரெண்டு இட்லியோட வந்தவன். வேர்த்துக் கொட்டுது, காதுக்குள்ள ஙொய்ன்னுது. அப்படியே சரிஞ்சு உக்காந்துட்டேன். சாவுன்னா இதுதானான்னு நெனைச்சேன். எல்லாருக்குமான பூத்துல மொத பொணம் நான்தான்னு தோணுச்சு. சிரிப்பு வரல.

அந்தம்மா என் பக்கத்துல உக்காந்தாங்க. பை ஜிப்பைத் திறக்கிற சத்தம். என் உள்ளங்கையைப் பிரிச்சு ஒரு கடலை மிட்டாய் வச்சாங்க. வச்சுட்டு ஒரு தட்டு. இன்னொண்ணு வச்சாங்க, ரெண்டு தட்டு. இன்னொண்ணு, மூணு தட்டு. எத்தனை இருக்குன்னு சொல்றாங்களாம். நான் மென்னேன். கொஞ்சம் உசுரு வந்துச்சு. அப்பத்தான் எனக்கு ஒரு யோசனை உதிச்சுது. என் யோசனைதான் சார், அந்தம்மா யோசனை இல்ல. எண்ணுறதுக்கு வாய் எதுக்கு, விரல் இருக்கே!

எந்திரிச்சுக் கதவைத் தள்ளினேன். குரல் வந்துச்சு. எட்டுன்னுது, எட்டு விரல் காட்டினேன். அந்தம்மா டொக்குன்னு தட்டினாங்க. மூணு, மூணு விரல். அடுத்தது பூஜ்யம். பூஜ்யத்துக்கு எத்தனை விரல் காட்டுறது? கையை மடக்கி முட்டி காட்டினேன். அந்தம்மா நான் குத்த வர்றேன்னு நெனைச்சுப் பின்னால பாய்ஞ்சு கண்ணாடியில இடிச்சுக்கிட்டாங்க. அதுக்குள்ள ஓடிபி காலாவதி ஆயிடுச்சு. மறுபடி முதல்லேர்ந்து, புது நம்பர்லயும் ஒரு பூஜ்யம். இந்தத் தடவை பூஜ்யத்துக்கு வடை மாதிரி விரலை வளைச்சுக் காட்டினேன். கதவு திறந்துச்சு சார். ஹாரன் சத்தம் வந்து மூஞ்சியில அடிச்சுது. அவ்வளவு இனிமையான சத்தத்தை நான் கேட்டதே இல்ல.

அந்தம்மா என் கையைப் பிடிச்சிருந்தாங்க. நானும் விடல. நடுக்கத்துலதான். வேற ஒண்ணும் நெனைச்சுக்காதீங்க.

அன்னைக்கு ராத்திரி என் போன்ல ஒரு மெசேஜ் வந்துச்சு. படம் இல்ல. எழுத்து. போன் படிச்சுது, 'சர்க்கரை மாத்திரை போட்டீங்களா?' நான் வாயால சொல்லச் சொல்ல எழுத்தாகுற வசதி என் போன்ல முன்னமே இருந்திருக்கு. அன்னைக்குத்தான் அதைத் தேடிப் பிடிச்சேன். 'போட்டேன்'னு அனுப்பினேன்.

அப்புறம் ரெண்டு பேருமா அறிக்கை எழுதினோம். வெளிய வர ஓடிபி வேண்டாம். கதவுக்குக் கைப்பிடி போதும். ரெண்டு கம்பெனி மெஷினும் ஒண்ணை ஒண்ணு புரிஞ்சுக்கணும். முக்கியமா ஒரே ஒரு விதி, குரல்ல சொல்றதை எல்லாம் எழுத்துல காட்டணும், எழுத்துல காட்டுறதை எல்லாம் குரல்ல சொல்லணும். அம்பது அம்பது இல்ல, நூறு நூறு. இதையே பல மாதிரி எழுதி அனுப்பினோம்.

மேடம் படிச்சுட்டு என்ன முடிவெடுத்தாங்க தெரியுமா? 'சோதனை வெற்றி. கண்ணு தெரியாத ஒருத்தரும் காது கேக்காத ஒருத்தரும் யார் உதவியும் இல்லாம வெளிய வந்துட்டாங்க. ஒரே ஒரு குறைதான். தனியா வந்தாத்தான் சிரமம்.' அதனால பூத்து மேல கொட்டை எழுத்துல எழுதி ஒட்டிட்டாங்க. 'இருவராக வரவும்.'

அதுக்கப்புறம் அந்தப் பஸ் ஸ்டாண்டுல நடந்த கூத்தைக் கேக்கணுமே! அவசரம்னு ஓடி வர்றவன் மொதல்ல ஜோடி தேடணும். நான் ஒருநாள் பஸ்ஸுக்கு நிக்கிறேன், ஒருத்தர் வந்து கையைப் பிடிக்கிறார். 'சார் தனியாவா? நானும் தனி. வாங்க, ஒரு போன் பேசிட்டு வந்துடலாம்.' காதலர்கள் வர ஆரம்பிச்சாங்க. போலீஸ் வந்து அவங்களை வெரட்டினாங்க. போர்டைக் காட்டினா போலீஸ்காரர் என்ன பண்ணுவார்? 'அதான் எழுதியிருக்கே சார்'ன்னு அதுங்க சட்டம் பேசுச்சு.

ஒரு மாசம் போச்சு. மேடம் நேர்ல பாக்க வந்தாங்க. நாங்க ரெண்டு பேரும் பஸ் ஸ்டாண்டுல நிக்கிறோம், ரொசாரியோ மாலை வாங்கப் போயிருக்கார். ஜீப் நிக்குது, மேடம் எறங்குறாங்க, போன்ல பேசிக்கிட்டே நேரா பூத்துக்குள்ள போறாங்க. உள்ள அமைதியா இருக்கும்ல, அதனால. கதவு மூடிச்சு.

கொஞ்ச நேரத்துல நூர்நிஷா அம்மா என் முழங்கையைக் கிள்ளினாங்க. என் போன்ல மெசேஜ். நான் எப்பவும் சத்தத்தை முழுசா வச்சிருப்பேன், பஸ் ஸ்டாண்டுல்ல. போன் அந்தச் செத்த குரல்ல படிக்குது.

'மேடம் உள்ளே மாட்டிக்கொண்டார்.'

எனக்கு மொதல்ல புரியல. அவுகளுக்குத்தான் கண்ணு தெரியும், காது கேக்கும், என்ன பிரச்சினை? அடுத்த மெசேஜ். 'மேடம் மூக்குக் கண்ணாடியை ஜீப்பில் விட்டுவிட்டார். கிட்டத்தில் இருப்பது தெரியவில்லை.' அம்பது வயசுக்கு மேல ஆயிடுச்சு சார், எல்லாருக்கும் வர்றதுதானே. ஜீப்பு பெட்ரோல் போடப் போயாச்சு.

அந்தம்மா வாயசைவு பாத்துப் பாத்து எனக்கு எழுதுறாங்க. என் போன் ஊருக்கே கேக்குற மாதிரி வாசிக்குது. 'மேடம் சொல்கிறார். யோவ் யாராவது கதவைத் திறங்கய்யா. மேடம் சொல்கிறார். எந்த மடையன் இந்தக் கதவை வைத்தது. மேடம் சொல்கிறார்,' அதுக்கப்புறம் வந்ததை நான் உங்ககிட்ட சொல்ல முடியாது. நம்ம பின் சீட்டுல குழந்தைங்க சத்தம் கேக்குது. வாரியத்துல அவ்வளவு பெரிய பதவியில இருக்கிறவங்க வாயில அப்படி ஒரு வார்த்தை! அந்தம்மா ஒரு எழுத்தைக்கூட விடாம அடிச்சிருக்காங்க. டைப்பிங் சென்டர்ல அப்படித்தான் பழக்கமாம், வந்ததை வந்தபடி அடிக்கணுமாம். பஸ் ஏறப் போன ஜனமெல்லாம் நின்னுடுச்சு. கண்டக்டர்கூட விசில் ஊதல.

நான்தான் போட்டேன் உத்தரவு. 'நம்பரைக் கேட்டு வெளிய காட்டச் சொல்லுங்க.' சரி, நான் சொல்றதுக்கு முன்னமே அந்தம்மா கண்ணாடிகிட்ட போய்ட்டாங்கதான். ஆனா சொன்னது நான். மேடம் உள்ள நம்பரைக் கேட்டு வாய்விட்டுச் சொல்றாங்க. நூர்நிஷா அம்மா வாயசைவு பாத்துப் புரிஞ்சுக்கிட்டு, திரையில அந்த நம்பர் எங்க இருக்குன்னு வெளியிலேர்ந்து கை காட்டுறாங்க. மேல, கொஞ்சம் இடது, அங்கதான். மேடம் குத்துமதிப்பா விரலைக் கொண்டு போறாங்க. நான் மேடத்தோட குடையைப் பிடிச்சிருந்தேன். ஜீப்லேர்ந்து எறங்கினப்ப என் கையில கொடுத்தது. அதையும் யாராவது பிடிக்கணும்ல?

கதவு திறந்துச்சு. மேடம் வந்து பெஞ்சுல உக்காந்தாங்க. யாரோ சோடா உடைச்சுக் கொடுத்தாங்க. குடிச்சு முடிச்சுட்டு கேட்டாங்க.

'வெளிய வர்றதுக்கு எதுக்குங்க ஓடிபி?'

'அதை நாங்க அறிக்கையில கேட்டிருந்தோம் மேடம்.'

'எந்தப் பக்கத்துல?'

'எல்லாப் பக்கத்துலயும்.'

அன்னைக்கு அவுக சூப்பர்னு சொல்லவே இல்ல சார்.

மறு வாரம் ரெண்டு கம்பெனி இன்ஜினியரையும் மெட்ராஸ்லேர்ந்து வரவழைச்சு, அந்தப் பூத்துக்குள்ளயே உக்கார வச்சாங்க. ஓடிபியை நிறுத்திட்டு வெளிய பூட்டு. 'ரெண்டு மெஷினும் ஒரே பாஷை பேசுற வரைக்கும் நீங்க வெளிய வர வேண்டாம்.' காலையில உள்ள போனவய்ங்க, சாயங்காலத்துக்குள்ள ஒத்துப்போய்ட்டாய்ங்க. ஆறு மாசமா முடியாதுன்னு சொன்னதை! அப்புறம் கதவையே கழட்டிட்டாங்க. போர்டையும் கிழிச்சாச்சு. எங்க விதி அப்படியே தரநிலையில ஏறிடுச்சு, ஒரு எழுத்து மாறாம. எல்லாப் பஸ் ஸ்டாண்டுக்கும் இனிமே அதுதான்.

ஆனா சார், ஒரு அநியாயத்தைக் கேளுங்க. விதியை எழுதினவங்க பேரு கீழ போட்டிருக்கு. எப்படிப் போட்டிருக்கு? நூர்நிஷா, ஞானசிகாமணி. அகர வரிசையில எது சார் மொதல்ல வரும்? ஞ-வா, ந-வா? நீங்களே சொல்லுங்க. டைப் அடிச்சது அவுகதானே, தன் பேரைத் தூக்கி முன்னால போட்டுக்கிட்டாங்க. இப்ப அங்கதான் போறேன். உத்தமபாளையத்துக்கு. அவுக மகளுக்கு நிக்காஹ். ஏதோ பிரியத்துல போறேன்னு நெனைக்காதீங்க. மூஞ்சிக்கு நேரா கேட்டுடணும்னுதான் போறேன். மேல இருக்கிற பையில ஒரு குத்துவெளக்கு இருக்கு, அது சும்மா. கல்யாண வீட்டுக்கு வெறுங்கையோடவா போறது?

போன மாசம் உத்தமபாளையத்துலயும் பூத்து வந்துச்சு. ரெண்டையும் சேத்து ஒரு சோதனை. நான் மதுரையில, அந்தம்மா அங்க. நான் பேசினா அவுக திரையில எழுத்தா ஓடும். அவுக எழுதினா எனக்குக் குரலா வரும். அனுப்புற வரைக்கும் காத்திருக்க வேண்டாம், எழுத எழுதவே வந்துடும். அதோட அருமை உங்களுக்குத் தெரியாது. அதுக்கு முந்தி நாங்க சண்டை போட்டதெல்லாம் ஒருத்தர் மாத்தி ஒருத்தர்தான். ஒருத்தர் முடிக்கணும், அப்புறம் இன்னொருத்தர். குறுக்க பேச முடியாத சண்டையெல்லாம் ஒரு சண்டையா?

ரிசீவரை எடுத்தேன். என் ஆபீஸ் குரல்ல ஆரம்பிச்சேன். 'வணக்கம். ஞானசிகாமணி பேசுறேன்.'

கொஞ்சம் பொறுத்து மெஷின் குரல் கேக்குது.

'எந்த ஞானசிகாமணி?'

வந்துச்சே எனக்குக் கோவம்! 'எந்த ஞானசிகாமணியா? கண்ணாடிப் பெட்டிக்குள்ள உங்களோட அடைபட்ட ஞானசிகாமணி உலகத்துல எத்தனை பேரும்மா இருக்காங்க? உங்க கடலை மிட்டாயைத் தின்னு உசுரு பொழச்ச...' நான் பேசிக்கிட்டே இருக்கேன், முடிக்கக்கூட இல்ல, குறுக்க வருது சார் அந்தக் குரல். ஒரு ஏத்த இறக்கம் கிடையாது, ரயில்வே ஸ்டேஷன்ல வண்டி நம்பர் சொல்ற மாதிரி.

'ஹா. ஹா. ஹா.'

நான் நிறுத்திட்டேன்.

'ஹா. ஹா. ஹா. ஹா.'

அந்தம்மா சிரிச்சு அதுவரைக்கும் நான் கேட்டதே இல்ல சார். பின்னால ஆளுங்க வரிசையில நிக்கிறாங்க, சீக்கிரம் பேசிட்டு வாங்கன்னு சத்தம் போடுறாங்க. நிக்கட்டும்னு விட்டுட்டேன்.